ஐந்தாம் வகுப்பின் அறுவடை: கோல்கொண்டா பாடம் உணர்த்துவது

தொடக்கக் கல்வியின் ஐந்து ஆண்டுகளை முடித்து வெளியேறும் சிறுவனோ சிறுமியோ எதைக் கற்றிருக்க வேண்டும்? இக்கேள்விக்குப் பாடத்திட்டம் ஒரு விடை கூறுகிறது. பாடநூல் மற்றொரு விடை கூறுகிறது. தேர்வுத்தாள் மூன்றாவது விடையைக் கூறுகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது இழப்பு குழந்தைக்கே நேருகிறது. ஐதராபாத் நகரையும், அந்நகரைப் பற்றி நாடெங்கும் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் பல ஆண்டுகள் படித்த ஒரு பாடத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வகுப்பின் கல்வி எத்தகையது, அதன் வெற்றியை எவ்வாறு அளப்பது என்பதை ஆராய்வது பயனுடையது.

பத்து வயதில் ஒரு திருப்பம்

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்று அது விதிக்கிறது. ஐந்தாண்டுகளில் இது 4,000 மணி நேரமாகிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 220 நாட்களும் 1,000 மணி நேரமும் விதிக்கப்பட்டுள்ளன. ஆகவே ஐந்தாம் வகுப்பு முடிந்தவுடன் குழந்தையின் பாடச்சுமை கூடுகிறது.

சுமை மட்டுமன்றிப் பள்ளியின் இயல்பே மாறுகிறது. தெலங்கானாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பின் மையப் பாடங்கள் நான்கு: முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல். பெரும்பாலும் ஓரிரு ஆசிரியர்களே இவையனைத்தையும் கற்பிக்கின்றனர். ஆறாம் வகுப்பிலோ சூழ்நிலையியல் அறிவியலாகவும் சமூகவியலாகவும் பிரிகிறது. பாடத்திற்கொரு ஆசிரியர் வருகிறார். பல குழந்தைகள் தொடக்கப் பள்ளியை விட்டு வேறொரு வளாகத்திலுள்ள உயர்நிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். புதிய பள்ளியின் அறிவியல் ஆசிரியர், மாணவனுக்கு வாசிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையுடனேயே பாடத்தைத் தொடங்குகிறார். வாசிக்கத் தெரியாத மாணவனுக்கு அதைக் கற்றுத்தரும் பொறுப்பு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னர் யாருடையது என்று எந்தக் கால அட்டவணையிலும் எழுதப்படுவதில்லை. இவ்வகுப்பின் முக்கியத்துவம் இங்குதான் உள்ளது.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பழைய பத்தாண்டு, இரண்டாண்டு அமைப்புக்குப் பதிலாக ஐந்து, மூன்று, மூன்று, நான்கு ஆண்டுகள் என்ற அமைப்பை வகுத்தது. அதில் மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் ஆயத்த நிலை எனப்படுகின்றன. முதல் நிலையில் குழந்தை வாசிக்கக் கற்கிறது. ஆயத்த நிலையின் முடிவில், கற்பதற்காக வாசிக்கத் தொடங்க வேண்டும். இந்த மாற்றம் நிறைவேறியதா என்பதே ஐந்தாம் வகுப்பைப் பற்றிக் கேட்கத்தக்க முதற் கேள்வி.

பாடவாரியாக எதிர்பார்க்கப்படுவது

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2017-இல் தொடக்கநிலை வகுப்புகளுக்கான கற்றல் விளைவுகளை வகுத்து வெளியிட்டது. எந்தப் பாடத்தை ஆசிரியர் நடத்தி முடித்தார் என்பதைக் காட்டிலும், குழந்தையால் எதைச் செய்ய முடிகிறது என்பதை அது அளவுகோலாகக் கொண்டது. ஐந்தாம் வகுப்புக்கு அது வகுத்தவற்றைச் சுருங்கக் காணலாம்.

மொழியில், முன்பு பார்த்திராத ஒரு பகுதியைத் தானே வாசித்துப் பொருள் உணர்தல், கேட்டதையும் கண்டதையும் தன் சொற்களில் சொல்லுதல், நோக்கத்திற்கேற்பக் கடிதமோ குறிப்போ அறிவிப்போ எழுதுதல் ஆகியவை எதிர்பார்க்கப்படுகின்றன. செய்யுளை ஒப்பிப்பது இதன் ஒரு சிறு பகுதியே.

கணிதத்தில், ஆயிரத்திற்கு மேற்பட்ட எண்களைப் படித்து எழுதி நான்கு செயல்களையும் செய்தல், சம பின்னங்களை அறிதல், அரை, கால் போன்ற பின்னங்களைத் தசம வடிவில் எழுதுதல், கோணங்களைச் செங்கோணம், குறுங்கோணம், விரிகோணம் எனப் பிரித்தறிதல், நீளம், எடை, கொள்ளளவு ஆகியவற்றின் பெரிய அலகுகளையும் சிறிய அலகுகளையும் தொடர்புபடுத்துதல், திரட்டிய விவரங்களை அட்டவணையாகவும் பட்டை வரைபடமாகவும் அமைத்தல் ஆகியன இடம்பெறுகின்றன. விடையை முன்கூட்டியே உத்தேசமாகக் கணிக்கும் திறனும் இப்பட்டியலில் உள்ளது. கடையில் கொடுத்த சில்லறை சரியா என்பதை எண்ணுவதற்கு முன்பே உணர்பவரிடம் இத்திறன் உண்டு.

சூழ்நிலையியலில், நீரும் உணவும் வீடு வந்து சேரும் வழி, தாவரம், விலங்கு, மனிதர் ஆகியோரிடையே நிலவும் சார்பு, வங்கி, ஊராட்சி, காவல் நிலையம் போன்ற அமைப்புகளின் பணி, நில அமைப்புக்கும் தட்பவெப்பத்திற்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பு ஆகியவை அடங்கும். நாணயம், ஓவியம், நினைவுச் சின்னம், அருங்காட்சியகம், முதியோரின் நினைவு ஆகியவற்றின் வழியாகப் பண்டைய நடைமுறைகளை அறிதலும், வரைபடத்தில் திசையையும் இடத்தையும் கண்டறிதலும் இதில் சேர்க்கப்பட்டுள்ளன. கலையும் உடற்கல்வியும் இவற்றோடு இணைந்து நடைபெற வேண்டியவை.

பாட அமைப்பு மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றுடன் அறிவியலையும் சமூக அறிவியலையும் தனித்தனி நூல்களாகப் படிக்கின்றனர். தெலங்கானாவிலும் தேசியப் பாடத்திட்டத்திலும் இவ்விரண்டும் ஒரே பாடமாக உள்ளன. 1975-இல் தேசியக் குழு வெளியிட்ட பத்தாண்டுப் பள்ளிப் பாடத்திட்டமும் தொடக்க நிலையில் அவற்றைச் சூழ்நிலையியல் என ஒருங்கிணைக்கவே பரிந்துரைத்தது. நூல் ஒன்றா இரண்டா என்பதைவிட, குழந்தையின் அறிவில் அவை ஒன்றோடொன்று சேருகின்றனவா என்பதே முக்கியமானது.

கோட்டைச் சுவர்கள் கற்பிப்பவை

இந்தச் சேர்க்கை எவ்வாறு நிகழக்கூடும் என்பதற்கு ஐதராபாத்தே ஒரு சான்றைத் தருகிறது. தேசியக் குழு 2008-இல் வெளியிட்ட ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் நூலில், சுவர்கள் கதை சொல்கின்றன என்ற பொருளுடைய தலைப்பில் ஒரு பாடம் அமைந்திருந்தது. குழந்தைகள் சிலர் கோல்கொண்டா கோட்டைக்குச் சென்று வருவதாக அது எழுதப்பட்டது. 2025-இல் இவ்வகுப்புக்குப் புதிய நூல்கள் வந்துவிட்டபோதிலும், அப்பாடத்தின் அமைப்பு ஆசிரியர்கள் கருத்தூன்றிக் காணத்தக்கது.

கோல்கொண்டாவைத் தலைநகராகக் கொண்டு 1518 முதல் 1687 வரை ஆட்சி புரிந்தவர்கள் குதுப் ஷாஹி மன்னர்கள். 1591-இல் முகமது குலி குதுப் ஷா மூசி ஆற்றின் தென்கரையில் ஐதராபாத் நகரை நிறுவினார். சார்மினார் அதன் நடுவில் எழுந்தது. 1687-இல் ஔரங்கசீப்பின் படை எட்டு மாத முற்றுகைக்குப் பின்னரே கோட்டையைக் கைப்பற்றியது. பழைய முறையில் எழுதப்பட்ட வரலாற்றுப் பாடம் இத்துடன் நின்றிருக்கும். மன்னர் பெயரும் ஆண்டும் தேர்வுக்கு உரியனவாகியிருக்கும்.

தேசியக் குழுவின் பாடமோ கேள்விகளால் நடைபெறுகிறது. கோட்டையின் வெளிச்சுவரில் 87 கொத்தளங்கள் உள்ளன. அவை ஏன் வட்டமாகவும் சுவரைவிட உயரமாகவும் கட்டப்பட்டன? மேலிருந்து பார்ப்பவனுக்கும் கீழிருந்து பார்ப்பவனுக்கும் என்ன வேறுபாடு தெரியும்? பெரிய கதவில் ஏன் ஒரு சிறு கதவு? உயரமான இடத்திலிருந்த அரண்மனைக்கு நீர் எவ்வாறு ஏறியது? குழந்தை இவற்றுக்கு விடை தேடும்போது வடிவ கணிதமும் அறிவியலும் வரலாறும் ஒரே சிந்தனையாகின்றன. நீரை மேலேற்றிய பற்சக்கரங்களும் களிமண் குழாய்களும் இன்றைய இயந்திரங்களுடன் ஒப்பிடப்படுகின்றன. வெண்கலப் பீரங்கியைக் கண்டதும், வெண்கலம் எந்த உலோகங்களின் கலவை, அதை நெடுங்காலமாக வார்த்துவரும் பழங்குடி மக்கள் யார் என்ற வினாக்கள் பிறக்கின்றன.

அப்பாடத்தில் கோட்டையின் வரைபடம் ஒன்று இருந்தது. அதில் 1 சென்டிமீட்டர் தரையில் 110 மீட்டருக்குச் சமம். இரு இடங்களுக்கு இடையே அளவுகோலை வைத்து அளந்து, உண்மைத் தொலைவைக் கணக்கிடும்படி மாணவர் கேட்கப்பட்டனர். வரைபடத்தில் 5 சென்டிமீட்டர் எனில் தரையில் 550 மீட்டர்; 4.5 சென்டிமீட்டர் எனில் 495 மீட்டர். இந்தச் சிறு கணக்கில் எத்தனை அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். குறிப்பை வாசிக்க மொழி வேண்டும். இடங்களைக் கண்டறியத் திசையறிவு வேண்டும். அளக்கக் கைத்திறன் வேண்டும். அரைச் சென்டிமீட்டரைக் கையாளத் தசமம் தெரிய வேண்டும். பெருக்கத் தெரிய வேண்டும். இறுதியில் 495 மீட்டர் என்பது நடக்கக்கூடிய தொலைவா என்று மனத்தில் காணவும் வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்று குறைந்தாலும் விடை வாராது. எனவே ஐந்தாம் வகுப்பின் நான்கு பாடங்களும் சந்திக்கும் இடமாக இத்தகைய வினா அமைகிறது.

இக்கருத்தின் வேர்

பாடங்களை இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்து வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது அன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, ஆதாரக் கல்விக்கான பாடத்திட்டத்தை வகுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன். பின்னர் 1967-இல் குடியரசுத் தலைவரான அவர் 1897-இல் பிறந்தது ஐதராபாத்தில்தான். நூற்பு, வேளாண்மை போன்ற ஒரு கைத்தொழிலையும், குழந்தை வாழும் இயற்கைச் சூழலையும், சமூகச் சூழலையும் மையமாக்கி, மொழியையும் கணக்கையும் அறிவியலையும் அவற்றோடு பிணைத்துக் கற்பிக்கலாம் என்று அக்குழு கருதியது.

ஆதாரக் கல்வி நாடெங்கும் எதிர்பார்த்தபடி வேரூன்றவில்லை. தொழிலைப் பாடத்துடன் பொருத்துவது பல இடங்களில் வெறும் சடங்காகிவிட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர் போதுமான அளவில் கிடைக்கவில்லை. எனினும் அதன் உட்கருத்து நிலைத்தது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வுடன் அறிவை இணைக்க வேண்டும் என்றும், மனப்பாடத்திலிருந்து கற்றலை விடுவிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. கோல்கொண்டா பாடம் அதன் விளைவே.

ஊரே பாடநூலாகும்போது

கோட்டைக்கு எல்லாப் பள்ளிகளும் செல்ல இயலாது. ஆயின் ஒவ்வோர் ஊரிலும் ஒரு நீர்நிலையேனும் உண்டு. ஐதராபாத்தில் மூசி ஆறு அத்தகைய பாடமாக அமையவல்லது. விகாராபாத் அருகிலுள்ள அனந்தகிரி மலையில் தோன்றும் இந்த ஆறு, நகரின் ஊடே ஓடிக் கிருஷ்ணா நதியில் கலக்கிறது. 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் பெருவெள்ளம் நகரைத் தாக்கி ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டது. உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலுள்ள ஒரு புளியமரத்தில் ஏறிப் பலர் உயிர் தப்பியது இன்றும் நகர மக்களால் நினைவு கூரப்படுகிறது. வெள்ளத்தைத் தடுக்கும் திட்டத்திற்குப் பொறியாளர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் அறிவுரை நாடப்பட்டது. மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-இலும், அதன் கிளையாறான ஈசியின் குறுக்கே இமாயத் சாகர் 1927-இலும் கட்டி முடிக்கப்பட்டன. வெள்ளத் தடுப்புக்காக எழுந்த இவ்வேரிகளே நெடுங்காலம் நகரின் குடிநீருக்கும் ஆதாரமாயின. நகரம் பெருகப் பெருக, கிருஷ்ணா, கோதாவரி நதிகளின் நீரும் குழாய் வழியே தொலைவிலிருந்து கொண்டுவரப்பட வேண்டியதாயிற்று.

ஓர் ஆசிரியர் இதனை ஒரு மாதப் பாடமாக அமைக்கலாம். பாட்டனாரிடமோ அண்டை வீட்டு முதியோரிடமோ பழைய வெள்ளங்களைப் பற்றிக் கேட்டு எழுதுவது மொழிப் பயிற்சியாகிறது. 15 லிட்டர் வாளியில் நாளொன்றுக்கு 20 வாளி நீர் செலவிடும் குடும்பத்திற்கு 300 லிட்டர் ஆகிறது. முப்பது நாட்களுக்கு 9,000 லிட்டர். 1,000 லிட்டர் ஒரு கன மீட்டர் என்று அறிந்த மாணவன் அதனை 9 கன மீட்டராக மாற்றுகிறான். வகுப்பிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் நீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் பிடிக்கிறார்கள் என்று கேட்டு அட்டவணையிட்டால் கணக்கும் சமூகவியலும் ஒன்றாகின்றன. நீர் பிடிப்பவர்கள் பெரும்பாலும் தாயும் அக்காளுமாக இருந்தால், அதன் காரணத்தைக் குழந்தைகளே வினவத் தொடங்குவர். ஆற்றில் கழிவுநீர் ஏன் கலக்கிறது என்ற வினா, நகராட்சியின் பணி என்ன என்ற பாடத்திற்கு இட்டுச் செல்லும். இதற்குத் தனி நிதி தேவையில்லை. நேரமும் திட்டமிடலும் தேவை.

மொழி என்னும் வாயில்

ஐதராபாத்தின் வகுப்பறையில் வேறெங்கும் காண்பதைவிட மொழிச் சிக்கல் கூடுதலாக உள்ளது. வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தையும் உருது பேசும் குழந்தையும், வேலை தேடி வந்த இந்தி, மராத்தி, ஒடியா பேசும் குடும்பங்களின் குழந்தைகளும், செகந்தராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளும் ஒரே நகரில் பயில்கின்றனர்.

அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வழிக் கல்விக்குப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. இயன்ற வரை தாய்மொழியே பயிற்று மொழியாக வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் சட்டமும் கூறுகிறது. 2020-ஆம் ஆண்டின் கொள்கை, இயலுமிடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழி அல்லது தாய்மொழி வழிக் கல்வியைப் பரிந்துரைக்கிறது. மறுபுறம், ஆங்கில வழிக் கல்வியைப் பெற்றோர் பெரிதும் விரும்புகின்றனர். தெலங்கானா அரசு 2022-23 கல்வியாண்டு முதல் தன் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரை ஆங்கில வழியைப் புகுத்தியது. ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்குமாக இருமொழிப் பாடநூல்கள் அச்சிடப்பட்டன. 2018-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டமொன்று எல்லா வகைப் பள்ளிகளிலும் தெலுங்கு கற்பிப்பதைக் கட்டாயமாக்கியது.

இம்மாற்றங்களின் விளைவு ஐந்தாம் வகுப்பில் தெளிவாகத் தெரிய வருகிறது. மூசி ஆற்றின் மாசு பற்றித் தன் மொழியில் விளக்கக்கூடிய சிறுமி, ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட வினாவைப் புரிந்துகொள்ள இயலாமல் வெற்றுத்தாளை அளிக்கக்கூடும். அவளுக்கு இடப்படும் சுழியம் சூழ்நிலையியலில் அவளது அறிவைக் காட்டுவதில்லை. இருமொழி நூல் இங்கே பாலமாகிறது. ஆனால் வினாத்தாளும் வாய்மொழித் தேர்வும் அந்தப் பாலத்தைப் பயன்படுத்த இடமளித்தால்தான் அதன் நோக்கம் நிறைவேறும். 1918-இல் உருதுவைப் பயிற்று மொழியாகக் கொண்டு தொடங்கப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகம், அதற்கெனவே ஒரு மொழிபெயர்ப்புத் துறையை ஏற்படுத்திக் கலைச்சொற்களை உருவாக்கியது. பயிற்று மொழியை முடிவு செய்வது முதற்படி மட்டுமே. அதற்கான கருவிகளைப் படைப்பது அதனினும் பெரிய பணி என்பதை இந்நகரின் வரலாறே அறிவிக்கிறது.

அளவீடுகள் கூறுவது

எதிர்பார்ப்புக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள தொலைவை ஆய்வுகள் காட்டுகின்றன. 2021 நவம்பர் 12-ஆம் நாள் நடைபெற்ற தேசிய அடைவு ஆய்வில் 720 மாவட்டங்களைச் சேர்ந்த சுமார் 34 லட்சம் மாணவர்கள் பங்கேற்றனர். 500 புள்ளிகள் கொண்ட அளவையில் ஐந்தாம் வகுப்பின் தேசியச் சராசரி மொழியில் 309, கணிதத்தில் 284, சூழ்நிலையியலில் 284. கணிதத்தில் மூன்றாம் வகுப்பின் சராசரி 306. எட்டாம் வகுப்பின் சராசரி 255. ஒரே குழந்தைகளை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு இதுவன்று. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்ததன் பாதிப்பும் இதில் உண்டு. எனினும் வகுப்பு உயர உயரச் சராசரி இறங்குவது கருதத்தக்கது. முந்தைய வகுப்பில் விடுபட்டது அடுத்த வகுப்பின் சுமையாகிறது என்பதற்கு இது ஓர் அறிகுறி.

ஊரகப் பகுதிகளில் வீடுதோறும் சென்று எடுக்கப்படும் வருடாந்திரக் கல்வி நிலை அறிக்கையின்படி, 2024-இல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுள் 48.8 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புத் தரத்திலான பகுதியை வாசித்தனர். 2022-இல் இது 42.8 விழுக்காடாக இருந்தது. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 25.6 விழுக்காட்டிலிருந்து 30.7 விழுக்காடாக உயர்ந்தனர். முன்னேற்றம் உண்மையானது; எஞ்சியுள்ள தொலைவும் உண்மையானது. 2024 டிசம்பர் 4-இல் நடைபெற்ற தேசிய ஆய்வு, ஐந்தாம் வகுப்பை முடித்து ஆறாம் வகுப்பில் பயில்வோரைச் சோதித்தது. அவர்களது சராசரி மொழியில் 57 விழுக்காடு, கணிதத்தில் 46 விழுக்காடு.

வாசிக்க இயலாத மாணவனுக்குக் கோல்கொண்டா வரைபடம் வெறும் கோடுகளே. எனவே ஒருங்கிணைந்த கற்பித்தலும் அடிப்படைத் திறன்களும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. அடித்தளமின்றிச் சுவர் எழாது; அடித்தளம் மட்டும் வீடாகிவிடாது. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் மூன்றாம் வகுப்புக்குள் கைவர வேண்டும் என்ற நோக்குடன் மத்திய அரசு 2021 ஜூலையில் நிபுண் பாரத் இயக்கத்தைத் தொடங்கியது. தெலங்கானா 2022 ஆகஸ்டில் தொலிமெட்டு, அதாவது முதற்படி, என்னும் திட்டத்தை ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. தொடக்கத்திலேயே விடுபட்டவற்றை மேல் வகுப்புகளில் ஈடு செய்யும் தேவையை இம்மாநிலங்கள் உணர்ந்தன எனலாம்.

தேர்வா, துணையா?

2009-ஆம் ஆண்டின் சட்டம் தொடக்கக் கல்வி முடியும் வரை எக்குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று விதித்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம், ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டிறுதித் தேர்வு நடத்த வழி வகுத்தது. தேர்ச்சி பெறாதவர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளித்து இரண்டு மாதத்திற்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தேறாதவரை நிறுத்தி வைப்பதா என்பதை உரிய அரசு முடிவு செய்யலாம். தொடக்கக் கல்வி முடியும் வரை யாரையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் நிர்வாகத்திலுள்ள பள்ளிகளுக்கு இதற்கான விதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2019-இல் அறிவிக்கப்பட்ட ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது.

தேர்வு இருந்தால்தான் ஆசிரியரும் மாணவரும் பொறுப்புடன் உழைப்பர் என்பது ஒரு சாராரின் கருத்து. நிறுத்தி வைத்தல் ஏழைக் குழந்தையைப் பள்ளியை விட்டே விலக்கும் என்பது மறு சாராரின் அச்சம். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளத்தக்க ஓர் உண்மை உண்டு: நான்காண்டுகளில் கைவராத வாசிப்பு, ஆண்டிறுதித் தேர்வுக்குப் பிந்தைய இரு மாதங்களில் கைவருவது அரிது. ஆகவே சட்டம் கூறும் கூடுதல் பயிற்சி, தேர்வு முடிந்த பின் அல்லாமல், ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தவுடனேயே தொடங்கப்பட வேண்டியது. விதி எதுவாயினும் இக்கடமை மாறாது.

செய்யத்தக்கவை

இதற்குப் பெருந்திட்டம் தேவையில்லை. ஐந்தாம் வகுப்பின் முதல் வாரத்தில் ஒவ்வொரு குழந்தையையும் தனியே அமர்த்தி, ஒரு பத்தியை வாசிக்கச் செய்தும் ஒரு வகுத்தல் கணக்கைப் போடச் செய்தும் பார்த்தால், யாருக்கு எத்துணை உதவி வேண்டும் என்பது தெரிந்துவிடும். அவ்வுதவிக்கு நாள்தோறும் ஒரு பாடவேளை ஒதுக்கப்படலாம். பருவத்திற்கு ஒன்றாக, ஊரின் ஏரியோ சந்தையோ கோட்டையோ மையமாக அமையும் ஓர் ஒருங்கிணைந்த பாடம் திட்டமிடப்படலாம். தேர்வுத்தாளில் நூலில் இல்லாத ஒரு பகுதியும், முன்பு காணாத ஒரு வரைபடமும் இடம்பெற்றால் மனப்பாடத்தின் ஆட்சி குறையும்.

தொடக்கப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் குழந்தையுடன் மாற்றுச் சான்றிதழ் மட்டுமே செல்வது போதாது. எதை நன்கு செய்கிறது, எதில் துணை வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பும் உடன் செல்ல வேண்டும். அப்போதுதான் விடுபட்ட திறனுக்குப் புதிய பள்ளி பொறுப்பேற்க இயலும். ஆய்வுக்குச் செல்லும் கல்வி அலுவலர், எத்தனை பாடங்கள் முடிந்தன என்று கேட்பதோடு நில்லாமல், ஒரு குழந்தையை அழைத்து அறியாத ஒரு பத்தியை வாசித்துப் பொருள் சொல்லுமாறு கேட்கலாம். அந்த ஐந்து நிமிடங்கள் பதிவேடுகள் கூறாத பலவற்றைக் கூறும்.

கோல்கொண்டா கோட்டையின் வாயிலில் நிற்கும் பத்து வயதுக் குழந்தையின் கையில் ஒரு வரைபடம் கொடுக்கப்படுவதாகக் கொள்வோம். அறிவிப்புப் பலகையை வாசித்து, வடக்கு எது எனத் தெரிந்து, உச்சி எவ்வளவு தொலைவு எனக் கணக்கிட்டு, இச்சுவர் ஏன் இத்துணைத் தடிமன் என்று அருகிலிருப்பவரிடம் அக்குழந்தை வினவுமாயின், ஐந்தாம் வகுப்பின் எல்லாப் பாடங்களிலும் அது தேறிவிட்டது எனலாம். அந்நிலையை ஒவ்வொரு குழந்தையும் எய்துமாறு செய்வதே 4,000 மணி நேரத் தொடக்கக் கல்வியின் நோக்கம். அதனை அளக்கவும் நிறைவேற்றவும் வேண்டிய பொறுப்பு, பள்ளிக்கும் நிர்வாகத்திற்கும் ஒருங்கே உரியதாகும்.